முறிந்த காலின் நாட்கணக்கு

கோணலாக வளர்ந்த ஒரு மரம். பக்கத்தில் நேரான ஒரு கழி. இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்டியிருக்கிறது. நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741இல் வெளியிட்ட நூலில் வரும் படம் இது. குழந்தைகளின் உடல் கோணாமல் காப்பது எப்படி, கோணியதை நிமிர்த்துவது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்ல எழுதிய நூல். 'நேர்', 'குழந்தை' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து 'ஆர்த்தோபீடி' என்ற பெயரை உண்டாக்கியவரும் அவர்தான். எலும்பு மருத்துவச் சங்கங்கள் பலவற்றுக்கு அந்த மரமே சின்னம். 1975இல் மிஷெல் ஃபூக்கோ சிறையின் பிறப்பைப் பற்றிய தன் நூலில் இந்தப் படத்தை எடுத்துப் போட்டார். பள்ளிக்கூடம், படைமுகாம், தொழிற்சாலை, சிறை எல்லாவற்றிலும் உடலைப் பழக்கி நிமிர்த்துகிற அதிகாரம் ஒன்றுதான் என்று காட்ட இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. படித்த காலத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் அழுத்தமாகக் கோடு போட்டு வைத்தவர்களில் நானும் ஒருவன்.

எனக்குக் கால் முறிந்தபோது அந்தப் படம் அவ்வளவாக உதவவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கிச் சாய்ந்தது. வலது முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்துவிட்டது. விலகவில்லை, ஆணி வேண்டாம், மாவுக்கட்டே போதும் என்றார்கள். அடுத்த கட்டிலில், எங்கள் ஊர் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர். அடுக்கிலிருந்து சரிந்த நெல்மூட்டை அவர் காலில் விழுந்திருந்தது. அதே எலும்பு, ஏறக்குறைய அதே இடம், அதே கட்டு. "சார், உங்களுக்கு எத்தனை நாள் சொன்னாங்க?" என்று கேட்டார். மூன்று மாதத்துக்குக் குறையாது என்றேன். "எனக்கும் அதேதான் சொல்றாங்க" என்று சொல்லிச் சிரித்தார். நான் பள்ளித் தமிழாசிரியன். மருத்துவ விடுப்பு உண்டு, விடுப்புக்குச் சம்பளமும் உண்டு. அவருக்கு மூட்டை தூக்கிய நாளுக்குத்தான் கூலி.

முறிந்த எலும்பை மருத்துவர் ஒட்டவைப்பதில்லை. இது பலருக்கும் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. முறிந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. சில நாட்களில் அந்தக் கட்டிக்குள் புது ரத்தக்குழாய்கள் நுழைகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் நாரும் குருத்தெலும்புமாக ஒரு மெத்தென்ற பாலம் உண்டாகிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படுகிறது. முதலில் உருவாகும் எலும்பு ஒழுங்கில்லாத முண்டு. எந்தப் பக்கம் பாரம் விழுகிறதோ அந்தப் பக்கம் தடித்தும், விழாத பக்கம் கரைந்தும் அது தன்னைத் திருத்திக்கொள்ள வருஷக்கணக்கில் ஆகும். பாரத்துக்கேற்ப எலும்பு தன் உள்கட்டுமானத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் ஒரு விதியாகவே எழுதிவைத்தார். சின்னப் பிள்ளைக்கு ஆறு வாரத்தில் கூடுகிற கால் வளர்ந்த ஆளுக்கு மூன்று நான்கு மாதம் கேட்கும். புகைபிடித்தால், சாப்பாடு சரியில்லை என்றால் இன்னும் கூடுதலாகும். ஆக வைத்தியர் செய்வது இரண்டே காரியம்: எலும்பை நேரில் வைப்பது, கூடும்வரை அப்படியே இருக்கச் செய்வது. முதலாவதற்குக் கைத்திறன் வேண்டும். இரண்டாவதற்கு நாள் வேண்டும். அந்த நாளை யார் கொடுப்பது என்ற கேள்வி மருத்துவ நூல்களில் எழுவதில்லை.

'மாவுக்கட்டு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் கட்டுவது ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்த வெள்ளைத்தூள். நெதர்லாந்துப் படை மருத்துவர் அந்தோனியுஸ் மதைசன் 1852இல் அதைத் துணிப்பட்டையில் தேய்த்து, நனைத்துக் கட்டும் முறையை வெளியிட்டார். கிரிமியப் போரில் ரஷ்ய மருத்துவர் பிரகோஃப் அந்தத் தூளைப் பெருமளவில் பயன்படுத்தினார். ஆனால் பாஸ்ராவில் அரபு வைத்தியர்கள் முறிந்த காலைச் சுற்றி இதே பொருளை அச்சாக வார்ப்பதை அங்கிருந்த ஆங்கிலத் தூதர் 1790களிலேயே பார்த்து எழுதியிருக்கிறார். மதைசனுக்கு முன்னால் பெல்ஜியத்தில் செய்த்தான் என்பவர் 1830களில் கஞ்சிப்பசை தோய்த்த துணியைக் கட்டினார். அதாவது ஐரோப்பாவிலும் முதலில் நிஜமாகவே மாவுதான். இங்கே முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தம்மாவும் குழைத்துப் பூசி மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது பழைய வழக்கம். அந்தக் கட்டின் பெயர்தான் ஜிப்சத்தின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது என்று எனக்குப் படுகிறது. சொல்லில் மட்டும் நாட்டுவைத்தியர் பிழைத்திருக்கிறார். (அதே சொல்லுக்கு நம் காவல்நிலையங்கள் கொடுத்திருக்கும் அர்த்தம் எல்லாருக்கும் தெரிந்தது. பிடிபட்டவர் கழிவறையில் வழுக்கி விழுகிறார், மறுநாள் கையிலோ காலிலோ மாவுக்கட்டுடன் அவர் படம் பத்திரிகையில் வருகிறது, பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆந்திரியின் மரமும் கழியும் இங்கேதான் அச்சு அசலாகப் பொருந்துகின்றன.)

எலும்பை நேரில் வைக்கும் கைத்திறன் யாரிடம் இருந்தது? பல்கலைக்கழக மருத்துவர்களிடம் அது வெகுகாலம் பெரிதாக இல்லை. தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்துவிட்டால் அவர்களுக்குத் தெரிந்த வழி காலை வெட்டுவது. 1756இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் குதிரையிலிருந்து விழுந்து அப்படித்தான் கால் முறிந்து கிடந்தார். தன்னைக் கண்டபடி தூக்கவிடாமல், ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் கழிகளை அடிக்கச் சொல்லி, அதன் மேல் படுத்தபடி வீடு போய்ச் சேர்ந்தார் என்று அவர் மருமகன் எழுதிவைத்திருக்கிறார். வெட்டுவதென்று முடிவாகிக் கருவிகள் தயாரான நேரத்தில் பாட்டின் ஆசிரியர் நர்ஸ் வந்து தடுத்தார், கால் தப்பியது. பணமும் படுத்துக்கிடக்க வீடும் தடுத்துச் சொல்ல ஆசானும் உள்ளவர் கால் அது. நூற்றொன்பது வருஷம் கழித்து, 1865 ஆகஸ்டில், கிளாஸ்கோவில் வண்டிச்சக்கரம் ஏறிய ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற பதினோரு வயதுப் பையனின் காலில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை, ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. கிருமிநாசினி அறுவையின் வரலாறு ஒரு ஏழைப் பையனின் கால் எலும்பிலிருந்து புறப்படுகிறது.

தோல் கிழியாத முறிவுகளைப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். கொல்லர், இடையர், விவசாயி என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எலும்பு கட்டுபவர்கள் இருந்தார்கள். தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகிற வித்தை. படித்த மருத்துவர்கள் இவர்களைப் போலி என்றார்கள், கூடவே இவர்களிடம் நோயாளிகளை இழந்துகொண்டும் இருந்தார்கள். 1867இல் ஜேம்ஸ் பேஜட் என்ற பெரிய மருத்துவர், எலும்பு கட்டுபவர்கள் குணமாக்கிவிடுகிற நோய்களைப் பற்றித் தன் மாணவர்களுக்கு ஒரு சொற்பொழிவே செய்தார். அவர்களிடம் நல்லதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். வார்டன் ஹூட் என்ற மருத்துவர், லண்டனில் புகழ்பெற்றிருந்த ஹட்டன் என்ற எலும்பு கட்டுபவரிடம் போய் உட்கார்ந்து முறைகளைக் கற்றுக்கொண்டு, ஹட்டன் இறந்த 1871இல் அவற்றை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். நூலாசிரியர் ஹூட்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தமான குடும்பம் வேல்ஸின் ஆங்கிள்சீ தீவைச் சேர்ந்தது. 1740களில் உடைந்த கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய சிறுவன் ஒருவன், எந்த ஊர் என்ன மொழி என்று யாருக்கும் தெரியாதவன், அங்கே வளர்ந்து எலும்பு கட்டுவதில் பேர் வாங்கினான் என்பது குடும்பக் கதை. அந்த வழியில் வந்த எவன் தாமஸ் லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு எலும்பு கட்டினார். மருத்துவர்கள் அவரைப் பலமுறை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: ஐந்து பிள்ளைகளையும் மருத்துவம் படிக்கவைத்துப் பட்டம் வாங்க வைத்தார். வித்தையை வீட்டிலேயே கற்ற பிள்ளைகளுக்கு அவர் வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்தது ஒரு காகிதம்.

மூத்தவர் ஹ்யூ ஓவன் தாமஸ், 1834இல் பிறந்தவர். தகப்பனாரோடும் ஒத்துப்போகவில்லை, மருத்துவர்களோடும் ஒத்துப்போகவில்லை. எந்த மருத்துவமனையிலும் அவருக்குப் பதவி இல்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, மாலுமித் தொப்பி, வாயில் எப்போதும் சிகரெட். லிவர்பூல் நெல்சன் தெருவில் வீடு. வீட்டோடு பட்டறை, பட்டறையில் ஒரு கொல்லர், ஒரு தோல் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவசம். ஓய்வு, இடைவிடாத ஓய்வு, கட்டாயமான ஓய்வு என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்த கொள்கை. அவருடைய சமகாலத்தவரான பிரான்ஸின் லூக்கா ஷாம்பியோனியேர் இதற்கு நேர் எதிர். நீவிவிட வேண்டும், அசைக்க வேண்டும், அசைவுதான் எலும்புக்கு உயிர் என்றார். இன்றைய மருத்துவம் இருவருக்கும் பாதிப்பாதி கொடுத்துவிட்டது.

ஆனால் தாமஸின் ஓய்வைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவரிடம் வந்தவர்கள் கப்பல் பட்டறைக்காரர்கள், மூட்டை இறக்குபவர்கள். மூன்று மாதம் கட்டிலில் கிட என்றால் அவர்கள் குடும்பம் கிடையாகிவிடும். ஆகவே அவர் ஓய்வை ஆளுக்குக் கொடுக்காமல் எலும்புக்குக் கொடுத்தார். தொடையிடுக்கில் பொருந்தும் தோல் போர்த்திய ஒரு இரும்பு வளையம், அதிலிருந்து காலின் இருபக்கமும் இறங்கும் இரண்டு கம்பிகள். உடம்பின் பாரம் வளையத்தில் இறங்கும், முழங்கால் அசையாது, ஆள் எழுந்து நடக்கலாம். 1875இல் தன் நூலில் இதை விளக்கினார். விலை மலிவு, எந்தக் கொல்லரும் அடித்துக் கொடுக்கலாம். மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1891இல் அவர் இறந்தபோது துறைமுகத் தொழிலாளர்கள் திரண்டு வந்து அடக்கம் செய்தார்கள்.

அதே வளையமும் கம்பியும் கால் நூற்றாண்டு கழித்துப் போர்க்களம் போயின. தாமஸின் மனைவி வழி மருமகனும் சீடருமான ராபர்ட் ஜோன்ஸ் கொண்டுபோனார். ஜோன்ஸ் ஏற்கெனவே மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டும் வேலையில், 1888இலிருந்து, விபத்து மருத்துவத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். ஆயிரக்கணக்கான மண்வெட்டுத் தொழிலாளர்களின் கால்களில் கைபழகியவர். முதல் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்தவர்களைத் தூக்குக்கட்டிலில் வைத்துத் தூக்கிவரும்போது முறிந்த முனைகள் தசையைக் கிழிக்க, ரத்தம் போயே செத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் நூற்றுக்கு 80 பேர் இறந்ததாக ஜோன்ஸ் எழுதினார். அது மிகை என்பவர்களும் உண்டு. காயம்பட்ட இடத்திலேயே தாமஸின் கம்பியைக் கட்டும் வழக்கம் வந்த பிறகு, 1917 அராஸ் போரில் இப்படிக் காயம்பட்ட ஆயிரம்பேர் கணக்கில் இறப்பு 15.6 சதவீதமாகக் குறைந்தது. லண்டனில் ஜோன்ஸ் நடத்திய ராணுவ மருத்துவமனையில் பட்டறைகள் இருந்தன. கால் கூடிவரும் சிப்பாய் தச்சு வேலை, கொல்லு வேலை செய்தபடி உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். எதற்கு? திரும்பப் போர்முனைக்கு அல்லது தொழிற்சாலைக்கு. 1939இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் கூன்ட்ஷர் தொடையெலும்பின் மஜ்ஜைக்குழாய்க்குள் நீள ஆணியை இறக்கியதும் இப்படிப் படைக்குப் பயன்பட்டதுதான். மாதக்கணக்கில் கட்டிலில் கிடக்கவேண்டியவன் சில வாரங்களில் எழுந்தான். சிறைப்பட்டிருந்த அமெரிக்க வீரர்கள் தொடைக்குள் ஆணியோடு ஊர் திரும்பியபோதுதான் அங்கே பலருக்கு இப்படி ஒன்று நடக்கிறது என்றே தெரிந்தது.

இதையெல்லாம் 'உழைக்கும் உடலை மறுஉற்பத்தி செய்யும் அதிகாரம்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். நாமும் அப்படி நிறைய எழுதியிருக்கிறோம். பொய்யும் இல்லை. ஆனால் கட்டிலில் கிடந்தவனாகச் சொல்கிறேன், சீக்கிரம் எழுந்து நடக்கவேண்டும் என்ற ஆசை அதிகாரம் என்னிடம் ஊன்றிய ஆசை அல்ல. அடுத்த கட்டில் அண்ணனின் அவசரம் வேறு. சீக்கிரம் எழ வேண்டும் என்பதைவிட, மெதுவாக எழ அவருக்கு வழி இல்லை என்பதுதான் விஷயம்.

இங்கே நம் பக்கம் வருவோம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பற்றிய தொகுதிகளில் குசவர் என்ற பதிவில் ஒரு செய்தி இருக்கிறது. மண்பாண்டம் செய்பவர்கள் எலும்பு முறிவு பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். எல்பின்ஸ்டன் பிரபு சென்னை கவர்னராக இருந்தபோது (அது 1837 முதல் 1842 வரை) அவர் கை முறிந்து, ஆங்கில மருத்துவர்கள் ஆகாது என்று கைவிட்ட பிறகு, குயவர் ஒருவர் தப்பை வைத்துக் கட்டிக் குணமாக்கினார் என்று ஜனங்கள் சொல்லிக்கொள்கிறார்கள். ஈரமண்ணை விரல் நுனியில் உணர்ந்து சுவர் கனத்தைக் கணிக்கிற கை, தோலுக்கு அடியில் எலும்பின் விலகலையும் கணிக்கும் என்பதில் ஆச்சரியம் இல்லை. குயவர் மட்டுமல்ல. முடிதிருத்தும் சமூகத்தார், சிலம்ப வாத்தியார்கள், மல்யுத்தக்காரர்கள் என்று உடம்பைத் தொட்டுப் பழகியவர்கள் எல்லாரும் இதைச் செய்தார்கள். நாடி பிடிப்பதும் லேகியம் கிண்டுவதும் மேலே இருந்தவர்களின் வைத்தியம். ரத்தத்தையும் முறிந்த காலையும் தொடுவது கீழே தள்ளப்பட்டவர்களின் வைத்தியம். தீட்டு வகுத்த எல்லை அது.

பெயர்களைக் கவனியுங்கள். கணுக்காலில் ஏற்படும் ஒருவகை முறிவுக்குப் பாட் முறிவு என்று பெயர். நடனமாடும்போது தன் பாத எலும்பு முறிந்ததை ராபர்ட் ஜோன்ஸ் 1902இல் எழுதினார். இன்று அது ஜோன்ஸ் முறிவு. கவர்னர் கையைக் கூட்டிக் கொடுத்தவரின் பெயர் தர்ஸ்டனுக்கும் தெரியாது. சாதிப் பெயர் மட்டும் இருக்கிறது.

பெயர் போனது ஒருபுறம். காகிதம் இல்லாமல் போனதுதான் கூடுதல் சேதம் என்பது என் வாதம். 1914இல் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற மருத்துவர் கொடுப்பதே சான்றிதழ் என்றானது. 1923இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையைப் படிக்கும்போது கைகால் நடுங்கும்: முழங்காலிலோ அதற்கு மேலோ ஒரு கால் போனால் 60 சதவீதம், முழங்காலுக்குக் கீழே 50, ஒரு கண் 30, கட்டைவிரல் 25, கால் பெருவிரல் 10. உடம்பு முழுவதற்கும் விலைப்பட்டியல். முறிந்து மறுபடி கூடுகிற காலுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை, அது தற்காலிக இயலாமை. முதல் பத்து நாளுக்கு ஒன்றும் கிடையாது; அதற்குப் பிறகு ஏறக்குறைய அரைச் சம்பளம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. அதையும் பெற வேண்டுமானால் தகுதிபெற்ற மருத்துவரின் சோதனைக்கு உட்பட வேண்டும். குயவர் கட்டிய கால் சட்டத்தின் கண்ணில் முறிந்த காலே அல்ல. வயலில் கூலி வேலை செய்தவரோ இந்தச் சட்டத்தின் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள்ளேயே வரவில்லை. ஆக யாருக்குச் சான்றிதழ் தேவையில்லையோ அவர்கள் நாட்டுக்கட்டுக்குப் போனார்கள். அது அறியாமை என்று நம் பகுத்தறிவாளர்கள் சொல்வதுண்டு. சான்றிதழை வைத்து எதுவும் வாங்க முடியாதவன் அதற்கு ஏன் வரிசையில் நிற்க வேண்டும்?

நாட்டுக்கட்டைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. மரபு என்றாலே கைகூப்புகிற கூட்டம் வேறு இருக்கிறது. இறுக்கிக் கட்டிய தப்பைக்கு அடியில் ரத்த ஓட்டம் நின்று விரல்கள் கறுத்து, கடைசியில் காலையே எடுக்க வேண்டிவந்தவர்களை எந்த எலும்பு வார்டிலும் பார்க்கலாம். இறுகிய கட்டு தசையைச் சாகடிப்பதை ரிச்சர்ட் ஃபோல்க்மன் 1881இலேயே எழுதிவிட்டார். அது நம் மூங்கில் தப்பைக்கும் பொருந்தும், ஆஸ்பத்திரி மாவுக்கட்டுக்கும் பொருந்தும். கட்டிய பிறகு விரல் மரத்தால், நீலம் பாய்ந்தால், வலி ஏறிக்கொண்டே போனால் உடனே கட்டை வெட்டச் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். லிவர்பூலில் எலும்பு கட்டுபவரின் வித்தை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது, சோதிக்கப்பட்டது, தவறு களையப்பட்டது. இங்கே அந்த வாசல் திறக்கவில்லை. குயவரின் பிள்ளைகள் ஐந்து பேர் 1850களில் மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்க முடியுமா என்று கேட்டால் பதில் தெரிந்ததுதான்.

எனக்குக் கட்டு பிரித்தது தொண்ணூற்றாறாவது நாள். கால் குச்சியாக இளைத்துத் தோல் செதில் செதிலாக உரிந்தது. கணுக்கால் மடங்கவில்லை. பிசியோதெரபிக்கு ஒன்றரை மாதம் போனேன்; ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. முதலில் பாதி பாரம், பிறகு முழுப் பாரம். வோல்ஃப் சொன்னதுதான், பாரம் விழ விழ எலும்பு கெட்டிப்படும். இப்போது மாடிப்படி இறங்கும்போது மட்டும் ஒரு சின்னப் பிடிப்பு.

அண்ணன் நாற்பத்து மூன்றாம் நாள் தன் கட்டைத் தானே பிரித்துவிட்டார். இரவு முழுக்க ஈரத்துணி சுற்றி ஊறவைத்து, விடிகாலையில் அரிவாள்மனையில் அறுத்ததாகச் சொன்னார். நலவாரிய அட்டை வைத்திருந்தார், புதுப்பிக்காமல் கிடந்தது. அது அறுவடை நேரம், கமிட்டியில் லாரிகள் வரிசையில் நின்றன, அந்த இரண்டு மாதக் கூலிதான் அவர் வீட்டுக்கு வருஷத்தின் பாதி. பதினோரு நாள் மூட்டை தூக்கியிருக்கிறார். பாரம் எலும்பைக் கெட்டிப்படுத்தும்தான், ஆனால் பாலம் கெட்டிப்படுவதற்கு முன்னால் நூறு கிலோ ஏறினால் அது வளையும். வளைந்துதான் கூடியிருக்கிறது. வலது கால் அரை அங்குலத்துக்கு மேல் குட்டை.

இப்போது அவர் மூட்டை தூக்குவதில்லை. எடைமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கு வாய் தைக்கிறார். போன வாரம் பார்த்தபோது காலை நீட்டி வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். "பாதிதான் சார்" என்றார்.